கிராமங்களில் குறைந்த விலைக்கு பிராட்பேண்ட் கொடுப்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

ஈரோடு மாவட்டத்தில் கேபிள் டிவியோடு பைபர் (கண்ணாடி இழை) இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். என் அனுபவத்தில், ஊர் வரைக்கும் பைபர் வருவது பாதி வேலைதான். அங்கிருந்து வீடு வீடாக இழுப்பதிலும், அறுந்துபோகாமல் காப்பாற்றுவதிலும்தான் காசு கரைகிறது.

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு ஒரு வீடு. ஊருக்குள் ஒரு கம்பத்தில், ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் பெட்டி மாட்டினால் எட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தோட்டத்துப் பக்கம் முக்கால் கிலோமீட்டர் இழுத்தால் இரண்டு வீடு கிடைக்கும். வயர், மோடம் என்று போட்ட காசு திரும்ப ஒன்றரை வருடம் ஆகும். அதற்காக மாதம் நானூறுக்கு மேல் கேட்க மனசு வராது. 'செல்லில்தான் நெட் இருக்கிறதே' என்பவர்கள், இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஒன்றரை ஜிபி எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊராட்சிகளுக்கு பைபர் கொண்டுபோக 2011இல் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் நல்ல திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள். ஆனால் அதன் முதல் திட்டக் கணக்கு ஊராட்சி அலுவலகம் வரை பைபர் போடுவதோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு அதைத் திருத்தியபோதுதான் வீட்டு இணைப்பு, பத்து வருடப் பராமரிப்பு, வளையமாக வயர் போடுவது எல்லாம் பெரிதாக உள்ளே வந்தன. வளையமாக இருந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாக ஓடும்.

எனக்கு அந்த வசதி இல்லை. போன ஐப்பசியில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி எங்கள் 24 கோர் (24 இழைகள் உள்ள) வயரை அறுத்துவிட்டது. சாரலில் ஒருவர் தார்ப்பாய் பிடிக்க, தலைமுடி மாதிரி இருக்கும் இழைகளை நீலம், ஆரஞ்சு, பச்சை என்று நிறம் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். டார்ச் வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். முடியும்போது விடியற்காலை மூன்று மணி. அந்தச் செலவையும் அந்த நானூறு ரூபாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலி கொண்டுவந்தது. அந்த ஜேசிபி ஓட்டிய தம்பியிடம் கேட்டேன், கேள்விப்பட்டதே இல்லை என்றார். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் என் நம்பரைக் கொடுத்து வைத்தேன். இப்போது மண்ணைத் தொடும் முன் இரண்டு பேர் போன் செய்கிறார்கள்.