ஃபைல் அங்கேயேதான் இருக்கு, ஆர் ஏன் இல்லைங்குது?

பெங்களூரில் ‘ஆர்’ (R) என்ற நிரல்மொழி எழுதிப் பிழைக்கும் நம் ஆட்கள் கேட்டவை.

மாரத்தஹள்ளித் தம்பி: அண்ணா, ஃபங்ஷன்களை ‘உதவி’ ஃபோல்டரில் வைத்து, மெயின் ஸ்கிரிப்டிலிருந்து சோர்ஸ் பண்றேன், அதாவது அந்த ஃபைலைப் படிச்சு ஓட்டச் சொல்றேன். ஆர் எழுதும் ஆர்ஸ்டூடியோவில் ஓடுது. ராத்திரி கிரானில் (குறிச்ச நேரத்தில் தானா ஓட்டும் கருவி) போட்டா ஃபைலைத் திறக்க முடியலைன்னு நின்னுடுது.

தம்பி, சோர்ஸ்() பாதையைக் கணக்கிடுவது ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து அல்ல, ஆர் அப்போது நிற்கும் இடத்திலிருந்து. மெஜஸ்டிக்கில் நிற்கிறவனுக்கும் சில்க் போர்டில் நிற்கிறவனுக்கும் ‘அடுத்த ஸ்டாப்’ வேறு வேறுதானே? ப்ராஜெக்டைத் திறந்தால் ஆர்ஸ்டூடியோ அதன் ஃபோல்டரிலேயே நிற்கும். கிரானோ உங்கள் ஹோம் டைரக்டரியில் நிற்கும். ஸ்கிரிப்டின் தலையில், நிற்கும் இடத்தைச் சொல்லும் கெட்டபிள்யூடி() என்று ஒரு வரி போட்டு லாகைப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். ப்ராஜெக்டைத் தேடிப் பாதை அமைத்துத் தரும் ‘ஹியர்’ பேக்கேஜ் நல்லதுதான். ஆனால் அதுவும் நிற்கும் இடத்திலிருந்து மேல்நோக்கித்தான் ப்ராஜெக்டைத் தேடும். ஹோமுக்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. அதனால் கிரான் வரியிலேயே முதலில் சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை) செய்து ப்ராஜெக்டுக்குள் போய், பிறகு ஸ்கிரிப்டை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்டைக் கூப்பிடுங்கள்.

அல்சூர் அக்கா: முதல் வரியில் செட்டபிள்யூடி போட்டு, ஆர் நிற்கும் இடத்தையே மாத்திட்டா முடிஞ்சுதே?

உங்கள் லேப்டாப்பில் முடிந்தது அக்கா. பக்கத்து சீட்டுக்காரர் லேப்டாப்பில் அந்தப் பாதையே இருக்காது.

கே.ஆர். புரம் நண்பர்: 14 ஃபைல் இருக்கு சார். 14 சோர்ஸ் வரி எழுதணுமா?

வேண்டாம். லிஸ்ட்.ஃபைல்ஸ்("உதவி", பேட்டர்ன் = "\\.ஆர்$", ஃபுல்.நேம்ஸ் = ட்ரூ) என்று பட்டியல் எடுத்து, ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக சோர்ஸ் செய்யுங்கள். ஃபுல்.நேம்ஸை விட்டால் வெறும் பெயர்தான் வரும், மறுபடி பழைய பிழை. கடைசி டாலர் குறியை விட்டால் ஆர்டேட்டா என்ற டேட்டா ஃபைலும் உள்ளே வந்து விழும். வரிசை அகரவரிசை, ‘10’ என்று தொடங்குவது ‘2’க்கு முன்னால் ஓடும். இதில் ஒரு சனிக்கிழமை முழுக்க எனக்குப் போயிற்று. அன்றிலிருந்து 02 என்றுதான் எழுதுகிறேன். ஃபைலுக்குள் ஃபங்ஷன் மட்டும் இருந்தால் வரிசை பற்றிக் கவலையே இல்லை, கூப்பிடும்போதுதான் மற்றதைத் தேடும்.

அவரே: இரண்டு ஃபைலில் ‘சுத்தம்’ என்று ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தா?

கடைசியாக வந்தது ஜெயிக்கும், எச்சரிக்கைகூட வராது. ஒவ்வொரு ஃபைலுக்கும் நியூ.என்வ்() கொண்டு தனி அறை (என்விரான்மென்ட்) ஒன்று உருவாக்கி சிஸ்.சோர்ஸ்() மூலம் அதற்குள் ஏற்றினால் ஒன்றை ஒன்று மிதிக்காது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் பேக்கேஜாகவே கட்டிவிடுங்கள். ஒன்று மட்டும்: பேக்கேஜின் ‘ஆர்’ ஃபோல்டருக்குள் துணை ஃபோல்டர் போட்டால் ஆர் அதைத் திரும்பியே பார்க்காது (‘யூனிக்ஸ்’, ‘விண்டோஸ்’ என்ற பெயர்கள் மட்டும் விலக்கு). மற்றதெல்லாம் ஒரே மட்டத்தில்தான் இருக்க வேண்டும்.