25 வயதில் அப்பாவின் பாலிசியை விட்டு வெளியே வருகிறீர்களா? சேர்த்த வருடங்களை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையைச் சேர்ந்தவள். அப்பா 6 வருடமாக இடைவிடாமல் கட்டிவரும் 5 லட்சம் ரூபாய் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில் (ஒரே தொகையை வீட்டார் எல்லோரும் பகிர்ந்துகொள்வது) நானும் இருக்கிறேன். மார்ச்சில் எனக்கு 25 முடிகிறது. ஏப்ரலில் புதுப்பிக்கும்போது என் பெயர் வராது என்கிறார் ஏஜென்ட். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறேன். கம்பெனி 3 லட்சத்துக்குக் காப்பீடு தருகிறது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு, அதை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். எனக்குத் தனிப் பாலிசி தேவையா? எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: கட்டாயம் தேவை. ஆனால் இதுவரை பாலிசியே இல்லாத ஒருவர் போல முதலிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். ஏழு வருடம் வளர்த்த ரப்பரை, பால் வெட்டும் பருவத்தில் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவது போலாகிவிடும் அது.

புதிய பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், சைனஸ் போன்ற சில சிகிச்சைகளுக்கும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் 36 மாதம் வரை காத்திருக்க நேரலாம். ஆஸ்துமா முற்றி அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தப் புதிய பாலிசியிலிருந்து பணம் கிடைக்காமல் போகலாம். அப்பாவின் பாலிசியில் இந்தக் காத்திருப்பையெல்லாம் நீங்கள் முடித்துவிட்டீர்கள். வயது வரம்பைத் தாண்டும் பிள்ளைக்கு, அதே நிறுவனத்தின் வேறொரு பாலிசிக்கு அந்தக் கணக்கோடு மாற வாய்ப்பு தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். ஏஜென்ட் "புதுசா போட்டுடலாம்" என்றால், இந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து 60 மாதம் ஆகிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "இதை மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்லி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் பழைய 5 லட்சத்துக்குத்தான். 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும். அப்படியிருந்தும் உயர்த்துங்கள் என்றே சொல்வேன். 25 வயதில் அதற்கான கூடுதல் பிரீமியம் பெரிய சுமையாக இருக்காது.

வேறு நிறுவனம் பிடித்திருந்தால், சேர்த்த வருடங்களோடு அங்கே மாறும் போர்ட்டபிலிட்டி வழியாகப் போகலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், அதாவது பிப்ரவரியிலேயே. ஆஸ்துமாவைப் பார்த்து அவர்கள் மறுக்கவும் கூடும். அதனால் பதில் எழுத்தில் வரும்வரை அப்பாவின் நிறுவனத்தில் மைக்ரேஷன் விண்ணப்பமும் நிற்கட்டும். எங்கே போனாலும் படிவத்தில் ஆஸ்துமாவையும் இன்ஹேலரையும் மறுபடி எழுதுங்கள்.

கம்பெனி காப்பீடு நல்லதுதான், வேலையில் இருக்கும்வரை. பிரசவச் செலவை அது ஏற்கிறதா என்று பாருங்கள். பல தனிப் பாலிசிகளில் பிரசவத்துக்கு இடமே இருக்காது, இருந்தாலும் பெரும்பாலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

சரி, எதைப் பார்த்து எடுப்பது? முதலில் அறை வாடகை. நாளுக்கு 5,000 ரூபாய்தான் என்று உச்சவரம்பு உள்ள பாலிசியோடு 10,000 ரூபாய் அறையில் படுத்தால், மீதி 5,000-ஐ மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றை மட்டும் இப்படி வெட்டக் கூடாது. பில் தொகை பெரிதாகும்போது இந்த ஒரு வரி லட்சக்கணக்கில் அடிக்கும். அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது உங்கள் மாவட்டத்துக்கே உரிய விஷயம். சாதாரணக் காய்ச்சலுக்கு மார்த்தாண்டம், நாகர்கோவில், நெய்யூர் போதும். பெரிய வைத்தியம் என்றால் பலர் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். நீங்களோ அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள். எல்லையின் இரு பக்கமும் எந்தெந்த ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸ் வசதி (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) இருக்கிறது என்று இப்போதைய பட்டியலை வாங்கிப் பாருங்கள். சில பாலிசிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வாங்குகின்றன. தக்கலை முகவரியில் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு உயர்ந்த மண்டலத்து நகரத்தில் சிகிச்சை எடுத்தால், பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். திருவனந்தபுரம் எந்த மண்டலம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. பிரீமியத்தில் யாராவது 18 சதவீதம் சேர்த்தால் காரணம் கேளுங்கள். பிரீமியத்துக்கான வருமான வரிச்சலுகை (80டி) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதை நம்பிப் பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த வாரமே அப்பாவிடம் 6 வருடப் பாலிசி அட்டவணைகளையும் (பெயர், தொகை விவரங்கள் உள்ள ஷெட்யூல்) கேட்டு வாங்கி, உங்கள் பெயர் எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, ஆஸ்துமா பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நிறுவனத்துக்கு மைக்ரேஷன் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். புதிய பாலிசி கைக்கு வந்ததும், பழைய தொடர்ச்சி அதில் அச்சாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் உடனே திருத்தச் சொல்லலாம்.