பார்படோஸில் கைத்தொழில் படிப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

கரீபியக் கடலில் இருக்கும் தீவு நாடான பார்படோஸில் எலக்ட்ரிகல் வகுப்பு எடுக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: நம்ம ஐடிஐ மாதிரி அங்கே ஏதாவது உண்டா சார்?

உண்டு. மொத்த நாடே 430 சதுர கிலோமீட்டர்தான், மக்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதனால் தெருவுக்கு ஒரு ஐடிஐ கிடையாது. பெரிய இடம் சாமுவேல் ஜாக்மன் பிரெஸ்காட் பாலிடெக்னிக், 1969-ல் வந்தது. பெயரில் இப்போது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு இன்னும் அது 'பாலி'தான். ஓட்டல் வேலை கற்க பாம்மரீன் என்று தனியாக ஒரு பயிற்சி ஓட்டலே இருக்கிறது.

கேள்வி: சி.வி.க்யூ. என்கிறார்களே, அது என்ன பரீட்சை?

பரீட்சை என்று நினைத்தால் குழம்பிவிடும் தம்பி. கரீபிய நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் தொழில் தகுதிச் சான்று அது, ஐந்து நிலை உண்டு. மதிப்பிடுபவர் பக்கத்தில் நின்று, பையன் வேலை செய்வதைப் பார்ப்பார். டிஸ்ட்ரிபியூஷன் போர்டு (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வயரிங் என்றால், சப்ளையை அணைத்தானா, அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்தானா, எர்த் கம்பியை இறுக்கிவிட்டு ஒருதரம் இழுத்துப் பார்த்தானா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அப்புறம் வேலை செய்த இடத்துப் போட்டோக்கள், மேற்பார்வையாளர் கடிதம் எல்லாம் ஒரு கோப்பில் சேர வேண்டும். முடிவில் மார்க் கிடையாது. 'தகுதி பெற்றார்' அல்லது 'இன்னும் பெறவில்லை', அவ்வளவுதான். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கும். கோப்பு வேலைதான் பிடிக்காது. கை நன்றாக ஓடும் பையன்கள் பலர் காகிதத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: இருபது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர், படிப்பு இல்லை. அவருக்கு?

வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தெரிந்த வேலையைச் செய்து காட்டி, முன்அனுபவத்தின் பேரில் சான்று வாங்கலாம்.

கேள்வி: அந்தச் சான்று பக்கத்துத் தீவில் செல்லுமா?

காரிகாம் என்ற கரீபிய நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாட்டுக் குடிமகனாக இருந்தால் செல்லும். அதற்காகத்தான் பொதுச் சான்றே வந்தது, ஏனென்றால் சின்னத் தீவில் ஒரு தொழிலுக்கு வேலை சட்டென்று தீர்ந்துவிடும். இது தவிர, பார்படோஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் நான்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவர் குடிமக்களை மற்றவர் தாராளமாகத் தங்கி வேலை பார்க்க விடுகின்றன.

ஆனால் காகிதம் கடல் தாண்டிவிடும், கரண்ட் தாண்டாது! பார்படோஸில் 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (கரண்ட் ஒரு நொடியில் மாறி மாறி ஓடும் சுற்றுகளின் எண்ணிக்கை), அமெரிக்க பிளக். பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவில் 240 வோல்ட், பிரிட்டிஷ் மூன்று முள் பிளக். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அமெரிக்க மோட்டாரைப் பார்படோஸில் போட்டால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். 'அமெரிக்க பிளக்தானே, பொருந்துதே' என்று வாங்கி வந்து, பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்கள். முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: தமிழ்நாட்டு ஃபிட்டர் நான், அங்கே வரலாமா? எந்தத் தொழிலுக்குக் கிராக்கி?

மேலே சொன்ன சலுகை உங்களுக்குக் கிடையாது தம்பி. வொர்க் பெர்மிட் வேண்டும், அதையும் முதலாளிதான் முன்வந்து எடுத்துத்தர வேண்டும். ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கிராக்கி என்றால், கூரைமேல் சோலார் வாட்டர் ஹீட்டர் இங்கே சாதாரணம். 1974 முதலே வரிச்சலுகை கொடுத்து வளர்த்தார்கள். பொருத்தவும் பழுது பார்க்கவும் பிளம்பர் வேண்டும். அரசு பஸ்களில் மின்சார பஸ் ஓடுவதால் அதற்கும் ஆள் தேடுகிறார்கள். 2021 ஜூலையில் எல்சா சூறாவளி வந்தது, 1955-ல் ஜேனட்டுக்குப் பிறகு தீவைத் தாக்கிய முதல் சூறாவளி. நிறைய கூரை பறந்தது. இப்போது தச்சு வேலைக்கு ஆள் கூப்பிடுபவர்கள், கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் தகட்டுப் பட்டையைப் போடத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.