இதய வால்வு மாற்றியவருக்கு கோஎன்சைம் க்யூ10 ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 58. உலோக வால்வு வைத்து 9 வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு காலும் வலிக்கிறது என்றதும் அமெரிக்காவில் இருக்கும் மகள் கோஎன்சைம் க்யூ10 அனுப்பினாள். 20 நாளாகத் தினமும் 200 மி.கி. சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம், நிறுத்திவிடுங்கள். நாளைக் காலையிலேயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பரிசோதித்து, ரிப்போர்ட்டை உங்கள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லியிருப்பார்களே, அதே கதைதான் இதுவும். கோஎன்சைம் க்யூ10 நம் உடலே தயாரிக்கும் பொருள். ஆனால் அதன் வேதி அமைப்பு, கீரையில் இருக்கும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது. அதனால் சிலருக்கு வார்ஃபரின் வேலை மந்தமாகி, ஐ.என்.ஆர். இறங்கியிருக்கிறது. சிறிய ஆய்வு ஒன்றில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் உலோக வால்வு இருக்கும்போது அதை நம்பிச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. ஐ.என்.ஆர். இறங்கினால் வால்வில் ரத்தம் உறையும். ராத்திரி அமைதியில் கேட்கும் வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

நிறுத்திய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. இறங்கிய ஐ.என்.ஆர். மறுபடி ஏறலாம். இதற்குள் வார்ஃபரின் அளவைக் கூட்டியிருந்தால் ரத்தக் கசிவு வரும். எனவே ஒரு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதியுங்கள். வார்ஃபரின் அளவில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இந்த கேப்ஸ்யூல் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கக்கூடும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கால் வலி? அடோர்வாஸ்டாடின் ரத்தத்தில் இந்தக் கோஎன்சைமைக் குறைப்பது நிஜம். அதை வெளியிலிருந்து கொடுத்தால் வலி தீருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முதலில் சி.கே. (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி பார்ப்போம். நடந்தால் மட்டும் வலித்து, நின்றால் விடுகிறது என்றால் காலின் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். அடோர்வாஸ்டாடின்தான் காரணம் என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளைக் கொட்டுவார்கள். இந்த மாதிரி டப்பாக்கள் மட்டும் வீட்டிலேயே இருக்கும். கேட்டால், "அது மருந்து இல்லையே டாக்டர், சத்து மாத்திரைதானே" என்பார்கள். நீங்கள் போகும்போது மகள் அனுப்பிய டப்பாவையும் அந்தப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.