சிவப்பு இறங்கிய முத்திரை விலை போகுமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய கடிதங்கள் கிடைத்தன. ஒரு முத்திரையில் சிவப்பு நிறம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் பல் இல்லை. முத்திரையை மட்டும் கழற்றித் தந்தால் நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கழற்ற வேண்டாம். விலைப் பேச்சு அப்புறம்.

பல நிற முத்திரையை அநேகமாக ஒவ்வொரு நிறமாகத்தான் அச்சடிப்பார்கள். தாள் நூலளவு விலகினாலும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போகும். இது அடிக்கடி நடப்பதுதான், பெரிய காசு கிடைக்காது. நல்ல விலை வேண்டுமானால் ஒரு நிறம் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு பாகம் தலைகீழாக விழுந்திருக்க வேண்டும். 1918இல் அமெரிக்காவின் 24 சத முத்திரையில் விமானம் தலைகீழாக அச்சானது. மக்கள் கைக்கு வந்தது 100 முத்திரை கொண்ட ஒரே ஒரு தாள், விலை ஏறாமல் என்ன செய்யும்? நம் நாட்டிலும் 1885இல் விக்டோரியா முத்திரைகளின் மேல் புது விலை குத்தியபோது சில தலைகீழாக விழுந்தன. அவற்றுக்குப் போலிகளும் உண்டு.

நிறம் விடுபட்டதாகச் சொல்லி விற்கப்படுபவற்றில் வெயில்பட்டு வெளுத்தவையும் இருக்கும். மஞ்சள் போனால் பச்சை நீலமாகிவிடும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளியளவு மிச்சம் இருந்தாலும் அது விடுபட்ட நிறம் கிடையாது.

பல் இல்லாததற்கும் அவசரப்பட வேண்டாம். சிறு புத்தகமாகக் கட்டி விற்ற முத்திரைகளுக்கு ஓரம் நேராக இருப்பதுண்டு. கத்தரிக்கோலும் அந்த வேலையைச் செய்யும்! அதனால்தான் நாலு பக்கமும் பல் இல்லாததைக்கூட இரண்டு முத்திரை பிரியாத ஜோடியாக இருந்தால்தான் சேகரிப்பவர்கள் நம்புவார்கள்.

படத்திலேயே பிழை இருந்தால்? 1956இல் கிழக்கு ஜேர்மனி, இசைமேதை ஷூமானின் முத்திரையில் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பைப் போட்டுவிட்டது. பிறகு திருத்தி வெளியிட்டார்கள். தாள் தாளாக அதே பிழை என்பதால் இன்றும் மலிவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் உறையைத்தான் பார்ப்பேன். தபால் சீலில் ஊரும் திகதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா? பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அதற்கு முந்திய மஸ்கெலியா சீல் என்றால் மலையகத் தபால் வரலாறு சேர்ப்பவர்கள் விசாரிப்பார்கள். தோட்டத்துக்கும் திருச்சிப் பக்கத்துக்கும் போய்வந்த கடிதமானால் இரண்டு பக்கத்துச் சீலும் இருக்கலாம். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினால் இதெல்லாம் போச்சு.

நம்ம பனிக்கு இரும்புப் பெட்டி ஆகாது. பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். அமிலமில்லாத காகிதத்தில் வைத்து, ஈரம் படாத உள்சுவர் அலுமாரியில் நிறுத்தி வையுங்கள்.

முத்திரை அசல்தான் என்ற நிபுணர் சான்றிதழை லண்டன் ரோயல் பிலாட்டலிக் சங்கம் தருகிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் அந்தச் செலவு வீண். வாங்க வந்தவரிடம் முன்னும் பின்னும் எடுத்த படத்தைக் காட்டி, முழு உறைக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள்.