மறு: மீத்திறன் செயற்கை நுண்ணறிவு ஒப்பந்தம் – ஆய்வாளர்கள் எதை எண்ணுவது?

மனித அறிவை விஞ்சும் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தும் உங்கள் ஒப்பந்த வரைவில் ஆய்வாளர்கள் எதை எண்ணுவது என்று கேட்டிருந்தீர்கள்; கணினிச் சில்லுகளையும் அவை குவிந்திருக்கும் தரவு மையங்களையும்தான் எண்ண வேண்டும். நாடுகளின் யுரேனியத்தைக் கணக்கெடுத்துச் சோதிக்கும் பன்னாட்டு அணுசக்தி முகமையை ஒத்த அமைப்பொன்றை வரைந்த நீங்கள், அதன் ஆய்வாளர்கள் எதைச் சோதனையிடுவார்கள் என்ற இடத்தில் தடைப்பட்டதற்குக் காரணம், நொடியில் நகலெடுத்து ஒளித்துவிடக்கூடிய மென்பொருளை யுரேனியத்தின் இடத்தில் வைத்துப் பார்த்ததாக இருக்கலாம்.

பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரியொன்றைப் பயிற்றுவிக்கப் பல்லாயிரம் உயர்நிலைச் சில்லுகளும், எளிதில் மறைக்க இயலாத அளவு மின்சாரமும் வேண்டும். அத்தகைய சில்லுகளை அதிதீவிரப் புறஊதா ஒளியால் பதிக்கும் இயந்திரங்களை இன்று வணிக அளவில் விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே. கண்காணிப்புக்கு இதைவிடக் குறுகிய வாயில் அமைவது அரிது.

ஒன்று செய்து பாருங்கள்: வரைவில் ‘ஆபத்தான மாதிரி’ என்று வரும் இடங்களில் ‘பயிற்சிக்குச் செலவான கணக்கீட்டு அளவு’ (கணினிகள் செய்த மொத்தக் கணக்கீடுகள்) என்று மாற்றிப் படியுங்கள். விதி அப்போதும் பொருள் தந்தால் அதை ஆய்வாளரால் சரிபார்க்க இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 10-இன் 25ஆம் அடுக்குக் கணக்கீடுகளில் கோடு கிழித்திருப்பது இவ்வாறே.

ஆனால் அந்தக் கோடு நகரும். பயிற்சி முறைகள் மேம்பட மேம்பட அதே திறன் குறைந்த கணக்கீட்டிலேயே கைகூடும் என்பதால், வரம்பை யார், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பதையும் (பலர் விட்டுவிடும் பகுதி இது) உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள். ஆணையில் மட்டும் இருக்கும் வரம்பு நிலைக்காது: அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு நிர்வாக ஆணை வகுத்த 10-இன் 26ஆம் அடுக்கு வரம்பு, 2025 ஜனவரியில் ஆணை நீக்கப்பட்டபோது அதனோடு சேர்ந்தே போயிற்று.