மூக்குக் குழாய்ப் பால்: தாளில் 6 காட்டினால்

தங்கச்சி, பியேர் ரோபின் குறைபாட்டோட (கீழ்த்தாடை சின்னதா இருந்து நாக்கு பின்னால சரிஞ்சிருக்கும்) பிறந்த குழந்தைக்கு மூக்குக் குழாய்ல பால் குடுக்குறீங்க. குழாய்ல உறிஞ்சி எடுக்குற திரவத்தோட அமில அளவைக் (pH) காட்டுற சோதனைத் தாள்ல சில வேளை 6 காட்டுது, சில வேளை எதுவுமே உறிஞ்ச வரல. காற்றடிச்சு வயித்துல சத்தம் கேட்டாப் போதும்னு மாமியார் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க அக்கறை புரியுது, ஆனா அந்தச் சத்தத்தை நம்பாதீங்க. குழாய் நுரையீரலுக்குள்ள போயிருந்தாலும் அது கேட்கும்.

வயித்துல அமிலம் இருக்கும், அமிலம் கூடினா எண் குறையும்; அதனால தாள்ல 5.5 அல்லது அதுக்குக் கீழே வந்தாத்தான் பால். 6 வர்றதுக்குப் பெரும்பாலும் முந்தின வேளைப் பால் இன்னும் வயித்துல கிடக்குறதுதான் காரணம். அமிலத்தைக் குறைக்கிற மருந்தும் அப்படிக் காட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்க. ஒண்ணுமே வரலைன்னா இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, 1-2 மில்லி காற்றை மெல்லச் செலுத்தி, 15 நிமிடம் கழிச்சு இழுங்க. குழாய் எங்க இருக்குன்னு உறுதியாகாம தண்ணிகூட விடக் கூடாது.

ஒவ்வொரு வேளையும் மூக்கோரத்துல இருக்கிற சென்டிமீட்டர் குறியையும் பாருங்க. எச்சில் ஊறி கன்னத்து ஒட்டுத்துணி ஓரம் கிளம்பியிருந்தா, குழாய் நழுவியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஊசிக்குழலோட தண்டை எடுத்துட்டு, பால் தானா இறங்கட்டும். அவசரத்துல அழுத்தினா வாந்திதான். நடுவுல இருமினாலோ திணறினாலோ குழாயை மடிச்சுப் பிடிச்சு உடனே நிறுத்துங்க. உதடு நீலமானா உடனே 995-க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) போன் பண்ணுங்க. மறுபடி பார்த்தும் 6-தான்னா பால் குடுக்காம வார்டுக்குப் போன் பண்ணுங்க. நடுராத்திரின்னா கேகே மருத்துவமனைக் குழந்தைகள் அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும்.